கெட்டிக்காரர்கள்

மாயவரத்தில் எங்கள் தெருமுனையில் அந்த நிதி நிறுவனம் திறந்தபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களில்கூட நிதி நிறுவனங்கள் புற்றீசலாகக் கிளம்பியிருந்தன. வங்கியில் வைப்புத்தொகைக்கு 12 சதவீதத்தை ஒட்டி வட்டி கிடைத்த காலத்தில் இவர்கள் 24, 36 என்றார்கள். பணம் கட்டினால் எவர்சில்வர் குடம். கூடுதலாகக் கட்டினால் வெள்ளிக் குங்குமச்சிமிழ். பள்ளி விட்டு வரும்போது அந்தக் கண்ணாடிக் கதவு எப்போது திறக்கும் என்று வாசலில் நிற்போம். ஏசிக் காற்று ஒரு வீச்சு முகத்தில் அடிக்கும்.

அதன் முதலாளி சைக்கிளில் சீட்டுப் பணம் வசூலித்துக்கொண்டிருந்தவர். இரண்டே வருஷத்தில் கார் வாங்கினார். "பொழைக்கத் தெரிஞ்ச ஆளுய்யா" என்று டீக்கடை முழுக்க அவர் பேச்சுதான். பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்தில் அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். உபயதாரர் கல்வெட்டில் முதல் பெயர் அவருடையது.

மளிகைக்கடை அண்ணாச்சி மட்டும் அங்கே பணம் போடவில்லை. "என்ன அண்ணாச்சி, நாலு காசு சேக்க வேணாமா?" என்று பெரியப்பா சீண்டினார். துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "நானும் இருவது வருசமா யாவாரம் பண்ணுதேன். எனக்கு நூத்துக்கு முப்பத்தாறு நிக்கல்லியே. அவன் எந்த யாவாரத்துல சம்பாதிச்சுக் குடுக்கான்?" முள் நடுவுக்கு வந்ததும் ஒரு பிடி பருப்பை மேலே போட்டுப் பொட்டலம் கட்டினார்.

அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. "அண்ணாச்சிக்கு வயித்தெரிச்சல்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். யோக்கியமாகக் கேட்ட ஒரே கேள்வியைப் பொறாமைக் கணக்கில் எழுதினார்கள். இன்று நினைத்தாலும் எனக்கு மனசு கொதிக்கிறது.

ஒரு திங்கட்கிழமை ஷட்டர் திறக்கவில்லை. மஞ்சப்பையில் ரசீதோடு வந்தவர்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ரிட்டயர் ஆன வாத்தியாரின் கிராஜுவிட்டி பணம், அப்பளம் இட்டுச் சேர்த்த ஆச்சியின் பணம், எல்லாம் அதில் இருந்தது. டீக்கடையில் பேச்சு மாறிப்போனது. "அவன் முழியே சரியில்லைன்னு அப்பவே நெனச்சேன்" என்று சொல்லாத வாய் இல்லை. கல்வெட்டில் அவர் பெயர் மேல் சிமென்ட் பூசினார்கள். மாநிலம் முழுக்க இப்படிப் பல நிறுவனங்கள் கவிழ்ந்த பிறகு, 1997-இல் முதலீட்டாளர் நலன் காக்க அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது.

முன்னதாகவே போட்டு, வட்டியும் வாங்கி, அசலையும் எடுத்துக்கொண்டவர்கள் எங்கள் தெருவில் உண்டு. பெரியப்பா அவர்களில் ஒருவர். அந்த வட்டி எந்த வியாபாரத்திலும் விளைந்ததில்லை. பின்னால் வந்து போட்டவர்களின் அசல்தான் அது. ஆச்சியின் அப்பளக் காசும் அதற்குள் இருந்திருக்கும். பெரியப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நேரம் பாத்து எடுத்தாரு பாரு, கெட்டிக்காரரு" என்றுதான் பேசினார்கள். போனது தன் பணம் என்பதுதான் அந்தத் தெருவுக்கு உறைத்தது. அது களவு என்பது உறைக்கவே இல்லை.

அண்ணாச்சியிடம் போய், "அன்னிக்கு நீங்க கேட்டது சரிதான்" என்று சொன்னவர், எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை.