மரத்தைக் காக்கும் வெட்டு

மலேசியாவில் இருக்கும் உறவினரைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து போகும் என் வயதுக்காரர்களுக்கு அந்த நாடு முதலில் காட்டுவது இரட்டைக் கோபுரத்தையும் பத்துமலையையும்தான். கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கம் சொந்தம் உள்ளவர்களுக்கு இன்னொன்றையும் பார்க்க வாய்க்கிறது. நெடுஞ்சாலையின் இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை செம்பனை. உறவினர் குடியிருப்பது தாமான் எனப்படும் வரிசை வீடுகளில். ஆனால் வீட்டுக்கொரு முதியவராவது இளமையில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவராக இருப்பார். அவர்கள் சீவிய மரங்கள் பெரும்பாலும் போய்விட்டன. பாலிங், சிக் வட்டாரத்துச் சிறு தோட்டங்களில் மட்டும் ரப்பர் இன்னும் நிற்கிறது, அங்கே அந்த வேலையைக் கண்ணால் பார்க்கலாம். பார்த்தபின் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. நூறு ஆண்டுகளாகத் திறன் தேவைப்படாத கூலி வேலை என்று கணக்கில் எழுதப்பட்டு வந்த இது, உண்மையில் ஒரு தேர்ந்த கைத்தொழில். அப்படி எழுதியவர்களுக்கு இது தெரியாமலும் இல்லை. அந்தக் கணக்கு அவர்களுக்கு லாபமாக இருந்தது.

வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பால்மரம் சீவுவது விடிவதற்கு முன்பே தொடங்குகிறது. இருட்டு வேளையில் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கினால் அழுத்தம் தணிந்து, எவ்வளவு நன்றாக வெட்டினாலும் பால் மந்தமாகத்தான் வடியும். அதனால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுவையும் அட்டையையும் பொருட்படுத்தாமல் நிரைக்குள் இறங்குகிறார்கள். ஆளுக்கு ஒதுக்கப்படும் நிரையில் ஏறத்தாழ 400 முதல் 600 மரங்கள். 500 மரத்தை மூன்று மணி நேரத்தில் முடிப்பதானால், நடையையும் சேர்த்து ஒரு மரத்துக்குக் கிடைப்பது இருபது நொடி சொச்சம். அதற்குள் முந்தைய வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுக்க வேண்டும். பால் வடியும் கிண்ணமான மங்கைத் துடைத்து நிமிர்த்தி வைக்க வேண்டும். கோட்டின் இடப்பக்க மேல்முனையில் உளியைப் பதித்து, பின்னோக்கி அடியெடுத்து வைத்தபடியே வலப்பக்கக் கீழ்முனை வரை இழுத்து வர வேண்டும். மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில், கொஞ்சமும் ஆழம் மாறாமல். இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. பால்குழாய்கள் நேர்செங்குத்தாக ஏறுவதில்லை, சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். அந்தக் குழாய்கள் நெருக்கமாக இருப்பதும் பட்டையின் உட்பகுதியில். அதற்கும் உள்ளே, மரத்தைப் பருக்க வைக்கும் கேம்பியம் என்ற மெல்லிய திசு இருக்கிறது. வெட்டு மேலாகப் போனால் பால் குறையும். கேம்பியத்தைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். உளிக்கும் கேம்பியத்துக்கும் நடுவே விட வேண்டியது சுமார் 1 மில்லிமீட்டர். அளந்து பார்க்கக் கருவி எதுவும் கிடையாது. உளி ஓடும் ஓசையும் மணிக்கட்டில் தட்டுப்படும் இறுக்கமும்தான் அளவு.

ஆழம் ஒரு பாதி என்றால் சீவலின் கனம் மறுபாதி. ஒரு முறைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவுவது நல்ல கணக்கு. ஒன்று விட்டு ஒரு நாள் வெட்டும் தோட்டத்தில் மழை நாள்களையும் இலையுதிர் காலத்தையும் கழித்தால் ஆண்டுக்கு 150 வெட்டு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஆண்டுக்கு 22 சென்டிமீட்டர் பட்டை போகிறது. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொடங்கிய கோடு அடிமரத்தை எட்ட ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும். அதே கையால் இரண்டரை மில்லிமீட்டர் போனால் நான்கு ஆண்டுக்குள் அந்தப் பக்கம் தீர்ந்துவிடும். சீவிய இடத்தில் புதுப்பட்டை தேறி மறுபடி வெட்டத் தகுதியாவதற்கு எட்டு ஆண்டாவது வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நிதானமாகச் சீவுகிறவர் ஒரு பக்கம் முடித்து, மறுபக்கமும் முடித்துத் திரும்பும்போது முதல் பக்கம் அவருக்காகத் தயாராக இருக்கும். கனமாகச் சீவுகிறவர் திரும்பும்போது அது ஆறியிருக்காது. காயம் பட்ட இடங்களிலோ பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிறகு உளியே ஓடாமல் போகும். நட்டு ஐந்து முதல் ஏழு ஆண்டு காத்திருந்து வெட்டுக்கு வந்த மரம் மேலும் இருபது, இருபத்தைந்து ஆண்டு பால் கொடுக்குமா, பாதியிலேயே விறகாகுமா என்பது இந்த ஒரு மில்லிமீட்டரில் இருக்கிறது.

இத்தனையும் தெரிந்துதான் தோட்ட முதலாளிகள் கூலியை வகுத்தார்கள். சஞ்சிக்கூலி எனப்பட்ட ஒப்பந்தக் கூலி முறை 1910 வாக்கில் முடிவுக்கு வந்து, தோட்டத்து மேஸ்திரிகளைக் கொண்டு நடந்த கங்காணி முறை தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் திரட்டியது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் திறனற்ற வேலைக்கு வரையறை எழுதியபோது விவசாய வேலையையும் அதில் அடக்கியது. கப்பல் ஏறும்போதே ஆளின் தகுதி முடிவாகிவிட்டது. தோட்டத்தில் எத்தனை ஆண்டு உளி பிடித்தாலும் அது மாறவில்லை. 1920களின் பிற்பகுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே நிரையில், அதே உளியால், அதே எடைத்தராசுக்குப் பால் கொண்டுவந்த பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. திறனுக்கும் கூலிக்கும் தொடர்பில்லை என்பதை இதைவிட வெளிப்படையாக ஒரு நிர்வாகம் ஒப்புக்கொள்ள முடியாது. இன்னொரு பக்கம், வெட்டுக்கோட்டைச் சோதித்துக் காயங்களை எண்ணிக் குறிப்பது அதே நிர்வாகத்தின் வாடிக்கையான வேலையாக இருந்தது. திறனே வேண்டாத வேலையில் பிழை பார்க்க ஒரு மேற்பார்வையாளர் எதற்கு?

பிற்காலத்தில் கூலி பாலின் எடையோடும் ரப்பர் விலையோடும் கட்டப்பட்டதை முன்னேற்றம் என்பார்கள். ஒரு வகையில் முன்னேற்றம்தான். ஆனால் அதற்குள்ளும் ஒரு முரண் உண்டு. ஸ்டோரில் கிராணி என்ற கணக்கர் அளப்பது இன்றைய பாலை. ஆழமாக வெட்டினால் இன்றைக்குப் பால் கூடும். பட்டையை மிச்சம் பிடித்து, கேம்பியத்தைத் தொடாமல் வெட்டுகிற தேர்ந்த கையின் பலன் எட்டுப் பத்து ஆண்டு கழித்துப் புதுப்பட்டையில் தெரியும். அந்தப் பட்டை தோட்டத்துக்காரருடையது. ஆக, கூலி தொழிலாளியை ஒரு பக்கம் இழுத்தது, கண்காணிப்பு மறுபக்கம் இழுத்தது. நடுவில் நின்று மரத்தைக் காத்த திறமைக்கு என்று தனியாக ஒரு காசும் ஒதுக்கப்படவில்லை. ஒரு தொழிலாளியின் நயமான கை முதலாளியின் சொத்தை ஆண்டுக்கணக்கில் பெருக்கியதும், அது சம்பளச் சீட்டில் எந்தக் கட்டத்திலும் ஏறாமல் போனதும்தான் இந்தத் தொழிலின் பொருளாதாரம் என்று நான் நினைக்கிறேன்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகள் சில உண்டு. சில வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளும் வேலையை எப்படிக் கைத்தொழில் என்பது என்று கேட்கிறார்கள். சில வாரத்தில் வெட்டக் கற்கலாம் என்பது உண்மை. இருட்டில், ஈரத்தில், ஐந்நூறாவது மரத்திலும் முதல் மரத்தின் ஆழத்தையே காப்பதை எத்தனை வாரத்தில் கற்பது? ஒரு வேலையின் திறனைக் கற்கும் காலத்தை மட்டும் வைத்து அளந்தால் போதாது. பிழையின் விலையையும் பார்க்க வேண்டும். நெசவில் ஓர் இழை அறுந்தால் அன்றே முடிந்துகொள்ளலாம். இங்கே அரை நொடிப் பிசகு ஆறுவதற்கு ஆண்டுகள் ஆகும். தவிர, எல்லா மரமும் ஒன்றல்ல. விதையில் முளைத்த பழைய மரத்தின் பட்டை ஒரு தினுசு, ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டுரகங்களின் பட்டை இன்னொரு தினுசு, சீவிய இடத்தில் வளர்ந்த மறுபட்டை வேறு. கை ஒவ்வொன்றுக்கும் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. அறிவெல்லாம் விஞ்ஞானிகளுடையது, தொழிலாளி சொன்னதைச் செய்தவர் மட்டுமே என்பது அது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லியின் பெருமையை யாரும் குறைக்க வேண்டியதில்லை. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். அதே வெட்டுக்கோட்டை மெல்லியதாகச் சீவி மறுபடி திறந்தால் மரமும் சாகாது, பாலும் கூடும் என்று காட்டியவர் ரிட்லி. ரப்பர் பயிரிடச் சொல்லி அவர் ஓயாமல் வற்புறுத்தியதைப் பார்த்துத் தோட்டக்காரர்கள் அவரைப் பைத்தியம் என்றே அழைத்தார்கள். 1925இல் அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ரகங்களையும் வெட்டு முறைகளையும் செம்மைப்படுத்தியது. எல்லாம் சரி. ஆனால் ரிட்லியின் கண்டுபிடிப்பே ஒரு கையசைவைப் பற்றியது. அந்தக் கையசைவை லட்சக்கணக்கானவர்கள் நாள்தோறும் பிசகாமல் செய்தபோதுதான் அது ஒரு தொழிலாயிற்று. மலேசியா, சீனா, தாய்லாந்து எங்கும் வெட்டும் இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள். ஆனாலும் இன்றும் உலகின் இயற்கை ரப்பரில் மிகப் பெரும்பகுதி மனிதர் பிடித்த உளியிலிருந்துதான் வருகிறது. வீட்டின் வரைபடம் போட்டவருக்குப் பேர் உண்டு என்பதால் கொத்தனாருக்குத் திறமை இல்லை என்று நாம் சொல்வதில்லையே.

கடைசி மறுப்பைச் சொல்பவர்கள் பெரும்பாலும் உறவினரே. லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பிலும் விடிகாலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்திலும் பட்ட அவமானம் போதும், அதைப் போய்க் கலை என்று மெச்ச வேண்டாம், பிள்ளைகள் வெளியேறியதே நல்லது என்கிறார்கள். அவர்கள் கசப்பு நியாயமானது. ஆனால் அந்தக் கசப்பு உளியின் மேல் இல்லை. சொந்த வீடும் நிலமும் இல்லாமல், வேலை போனால் கூரையும் போகும் என்ற நிலைமேல்தான். தென் தாய்லாந்தில் தன் மரத்தைத் தானே சீவும் விவசாயியும், பாதிப் பங்கோ நாற்பது விழுக்காடோ பேசிக்கொண்டு பிறர் மரத்தைச் சீவுகிறவரும் செய்வது இதே வேலை. மரம் சொந்தமாக இருந்தாலோ பால் பணத்தில் பங்கு கிடைத்தாலோ இந்த வேலையின் மதிப்பே மாறிவிடுகிறது. மலேசியத் தோட்டங்களில் நடந்தது வேறு. 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடல். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சிக்கல். பின்னர் ரப்பரை அழித்துச் செம்பனை, செம்பனையை அழித்து வீட்டுமனை. முப்பது ஆண்டு மரம் சீவியவர் பட்டணத்துக்கு வந்தபோது கையில் சான்றிதழ் எதுவும் இல்லை, திறன் அற்றவர் என்ற பழைய கணக்கு மட்டுமே உடன் வந்தது. காவல் வேலை, துப்புரவு வேலை, தொழிற்சாலையில் கடைநிலை வேலை என்று அவர் சிதறியதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அந்தத் தவறின் விலையை இப்போது நாடே கொடுக்கிறது. 1980களின் இறுதி வரை உலகில் முதலிடத்தில் இருந்த மலேசிய ரப்பர் உற்பத்தி, அப்போதைய 16 லட்சம் டன்னிலிருந்து இன்று ஆண்டுக்கு 4 லட்சம் டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. உலகத்துக்குக் கையுறை செய்து கொடுப்பதில் முன்னணியில் இருக்கும் அந்த நாடு, கையுறைக்கான பாலைத் தாய்லாந்திலிருந்து வாங்குகிறது. விலை சரிவு ஒரு காரணம். சீவ ஆள் இல்லாமல் முற்றிய மரங்கள் தீண்டப்படாமல் நிற்பது இன்னொரு காரணம். ஆள் பற்றாக்குறை என்றதும் வெளிநாட்டுத் தொழிலாளரை வரவழைக்கிறார்கள். அவர்களும் அதே பழைய பத்தியில்தான் எழுதப்படுகிறார்கள். நம் கன்னியாகுமரியிலும் கேரளத்திலும்கூட வெட்டுக்காரர் கிடைப்பதில்லை என்ற புலம்பல் கேட்கிறது. இந்திய ரப்பர் வாரியம் வெட்டுக்கென்று பயிற்சி நடத்துகிறது, அது நல்ல தொடக்கம். ஆனால் பயிற்சி தந்துவிட்டு, பட்டையைக் காத்தவருக்கும் கெடுத்தவருக்கும் ஒரே கூலி கொடுத்தால் பயன் இல்லை. மறுபட்டையின் தரத்தைப் பார்த்து ஆண்டுக்கொரு முறை ஒரு தொகை கொடுப்பது நடக்காத காரியம் அல்ல. காயங்களை எண்ணத் தெரிந்த நிர்வாகத்துக்குக் காயம் இல்லாத கோடுகளையும் எண்ணத் தெரியும்.

அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவல் அந்த மக்களின் துயரை நமக்குச் சொன்னது. அவர்களுடைய வேலையின் நுணுக்கம் இன்னும் சரியாக எழுதப்படவில்லை. தோட்டத்துப் பேரேடுகளில் இருப்பது ஆளின் பேரும் பாலின் எடையும்தான். மலேசியாவில் உங்களுக்கு உறவு இருந்தால், அடுத்த முறை போகும்போது அந்த வீட்டுப் பெரியவரிடம் உளி பிடித்த விதம், கோடு போட்ட உயரம், தோள்கம்பில் தொங்கும் காண்டா வாளியில் பால் சுமந்த தூரம், எந்த மரத்தை எப்படிச் சீவினார் என்பதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதைச் சொல்லத் தெரிந்தவர்களில் பலர் எழுபதைக் கடந்துவிட்டார்கள்.