பத்தாயிரம் காசுப் பெண்

2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கேரளப் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது விக்டர்ஸ் தொலைக்காட்சி வாயிலாகப் பாடங்கள் தொடங்கியதையும், நம் போன்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கெனத் தமிழ்வழிப் பாடங்கள் தனியே வந்ததையும் அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தன்பாறையிலுள்ள நம் வீட்டிற்கு முதன்முதலாக ஒரு நல்ல மொபைல் வந்தது அந்தப் புண்ணியத்தால்தான். பாடத்தின் பின்னாலேயே விளையாட்டும் வந்து சேர்ந்தது. பத்தாம் வகுப்போடு நின்று, இரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நமக்கு வீடியோ விளையாட்டைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கலாம். பிள்ளை பெற்ற யோக்கியதை ஒன்றுதான்.

ஒருவன் ஓடிக்கொண்டே இருப்பான், இடறி விழாமல் வழியிலுள்ள பொற்காசுகளை அள்ள வேண்டும், அவ்வளவே ஆட்டம். அப்போது எட்டு வயதாயிருந்த நம் மகள் மூன்றாம் நாளே, “அப்பா, ஓடுவதற்குப் பெண்பிள்ளையே கிடையாதா?” என்று கேட்டாள். தேடினோம். இருந்தாள், ஆனால் அவள்மேல் ஒரு பூட்டுப் படம் தொங்கிற்று. பையன் இலவசம், பெண் வேண்டுமானால் காசு சேர்த்துக் கொடுத்துப் பூட்டைத் திறக்க வேண்டும். மகள் சளைக்கவில்லை. பதினொரு நாள் அந்தப் பையனையே ஓட்டி ஓட்டிக் காசு சேர்த்தாள். இன்னும் சிறிதே பாக்கி என்னும்போது, அவள் தம்பி அவ்வளவையும் எடுத்து அந்தப் பையனுக்கே ஏதோ புதுச் சப்பாத்து வாங்கிவிட்டான்.

வார ஓய்வுக்கு வந்திருந்த நாம் நீதி சொல்லப் புகுந்தோம். “விளையாட்டுத்தானே, அம்மா! ஓடுகிறது யாராயிருந்தால் என்ன?” என்றோம். அவள் அழுகையை நிறுத்தி, “யாராயிருந்தாலும் ஒன்றுதான் என்றால், பெண்ணுக்கு மட்டும் எதற்கப்பா காசு?” என்றாள். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பாடம் முடிந்ததும் மொபைலை முதலில் மகன் கையில் கொடுப்பதே நம் வழக்கமாயிருந்தது. யாரும் அப்படி விதித்ததில்லை. நம் கை தானாகவே அவன் பக்கம் நீண்டது.

நம் மகள் கேட்ட அதே கேள்வியை அமெரிக்காவில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி 2015ஆம் ஆண்டிலேயே கேட்டிருக்கிறாள் என்பதைப் பின்னர், கொச்சியில் கணினி படிக்கும் நம் மருமகன் (தமக்கையின் மகன்) வாயிலாக அறிந்தோம். அவள் இவ்வகை ஓட்ட விளையாட்டுகளில் பெயர்பெற்ற ஐம்பதை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். அவற்றுள் ஆண் பெண் இன்னதென்று தெரியும்படி உருவம் உள்ளவற்றில், நூற்றுக்கு 98இல் ஆண் உருவம் கிடைத்தது. 46இல்தான் பெண் உருவம் இருந்தது. ஆணை இலவசமாகத் தந்தவை நூற்றுக்கு 90. பெண்ணை இலவசமாகத் தந்தவை 15 மாத்திரமே. அந்தக் கணக்கை வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வெளியிட்டது. 2011இல் வந்து உலகெங்கும் பரவிய டெம்பிள் ரன் ஆட்டத்தில் முதலில் ஓடுகிறவன் ஓர் ஆண். பெண்ணுக்குப் பத்தாயிரம் காசாயிருந்தது. அதனைச் செய்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும் என்பது வேடிக்கை. கெட்ட எண்ணத்தோடு யாரும் பூட்டுப் போடவில்லை போலும். நம் கை மகன் பக்கம் நீண்டதைப் போலவே அவர்கள் கையும் நீண்டிருக்கும்.

இவ்விளையாட்டுகளின் பழைய வரலாறும் இவ்வாறே. 1981இல் ஜப்பானிலிருந்து வந்த டாங்கி காங் ஆட்டத்தில் ஒரு பெருங்குரங்கு பெண்ணைத் தூக்கிச் செல்லும். ஆண்மகன் ஏணி ஏறி மீட்க வேண்டும். அவளுக்கு வேலை மேலே நின்று கூவுவது. 1996இல் இங்கிலாந்திலிருந்து டூம் ரைடர் வந்தது. அதன் லாரா கிராஃப்ட் யாரும் மீட்கக் காத்திராமல் தானே பாழடைந்த கோயில்களில் புகுந்து போரிட்டாள். நல்லதுதான். ஆனால் அவளை வரைந்த விதத்தைப் பார்த்தால், சண்டைக்குப் போகிறவளா, சினிமாச் சுவரொட்டிக்குப் போகிறவளா என்று ஐயமாயிருக்கும். ஆண்களுக்கும் மலை போன்ற தோள்களை வரைகிறார்களே என்று எதிர்வாதம் செய்வோர் உண்டு. உண்மைதான்; ஆயினும் அந்தத் தோள் ஆடுகிறவனுக்கு வலிமை, இந்த இடை பார்க்கிறவனுக்கு விருந்து. இரண்டும் ஒன்றாகா.

இதையெல்லாம் 2013 முதல் படமெடுத்து விளக்கியவர் அனிதா சர்க்கீசியன் என்னும் பெண்மணி. அதற்கு அவர் பெற்ற பரிசு வசைமழை. 2014 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசவிருந்தபோது, கூட்டத்தில் சுட்டுக் கொல்வோம் என மிரட்டல் கடிதம் வந்தது. அரங்கினுள் துப்பாக்கி கொண்டு வருவதைத் தடுக்க அம்மாநிலச் சட்டம் இடந்தராது என்று கேட்டதும் அவர் பேச்சை இரத்து செய்தார். விளையாட்டுத்தானே என்றால், அதைப் பற்றிப் பேசியவர்மேல் இத்தனை சினம் ஏன்?

நம் நாட்டிலும் 2020இல் புனேயைச் சேர்ந்த ஒரு குழு ‘ராஜி’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. காணாமற்போன தம்பியைத் தேடிச் செல்லும் கழைக்கூத்துச் சிறுமி அவள்; துர்க்கை அவளுக்குத் திரிசூலம் அளிக்கிறாள். தம்பியை மீட்பவள் அக்காள் என்றதும் நம் மகளுக்கு உண்டான பூரிப்பைச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட தம்பியை ஏன் மீட்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

சென்ற விடுமுறையில் மருமகன் தன் கணினியுடன் வந்தான். “மாமா, இதைப் பாருங்கள், நம் கதை” என்று ‘வெண்பா’ என்னும் ஆட்டத்தைத் திறந்தான். கனடாவில் டொரான்டோ நகரத்துத் தமிழ் இளைஞர் ஒருவரின் குழுவால் செய்யப்பெற்று 2023 ஜூலையில் வெளிவந்தது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் முதற்படைப்புக்கான பரிசையும் பெற்றது. இதில் குரங்கும் இல்லை, திரிசூலமும் இல்லை. 1980களில் கனடாவிற்குக் குடிபெயர்ந்த வெண்பா என்னும் தமிழ்ப்பெண், தாய் கொடுத்த சமையல் ஏட்டின் கிழிந்த, அழிந்த வரிகளை ஊகித்து இட்டலி வார்க்க வேண்டும். பாவலன் அவள் கணவன். மகன் கவின் வளர வளர, தமிழும் அம்மாவும் அவனுக்குத் தூரமாகிப் போகின்றன.

நம் சகதர்மிணி ஏலத்தோட்டத்தில் காயெடுக்கப் போகிறவர். போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்பேறி மேட்டைக் கடந்து வரும் பெண்களோடு நின்று, மழையிலும் குளிரிலும் தூரடியில் குனிந்து வேலை செய்து, அந்தியில் வீடு திரும்புகிறவர். சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, “நாள் முழுதும் காட்டிலே நின்றுவிட்டு வந்து அடுப்படியில் நிற்கிறேன். இதிலேயும் அவளை அடுப்படியிலேதான் நிறுத்த வேண்டுமா? இதற்கு ஒரு பரிசா?” என்றார்.

மருமகன் விடவில்லை. “அத்தை, நின்று சமைப்பது அவளல்ல, ஆடுகிறவன்தான். அவள் என்ன நினைக்கிறாள் என்பதை அறியாமல் இதில் ஒரு அடி நகர முடியாது” என்றான். இவ்வழக்கில் இருவர் பக்கமும் நியாயம் உண்டென்றே நமக்குப் படுகிறது. அடுப்படிக்கு வெளியே தமிழ்ப்பெண்ணை வைத்து ஆட்டம் செய்ய ஆள் வரவேண்டும் என்பதில் நாம் சகதர்மிணியின் கட்சி. ஆனால் அன்றிரவு நடந்ததையும் சொல்ல வேண்டும். இட்டலித் தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லாத் தட்டுக்கும் ஆவி ஏறும் என்பது ஆட்டத்தில் முதற்சிக்கல். சமையலறை வாயிற்படியைத் தாண்டியறியாத நம் மகன் இருமுறை தோற்று, மூன்றாம் முறை வென்றான். மறுநாள் காலை அவன் நேரே அடுப்படிக்குச் சென்று, “அம்மா, துளைகளைப் பார்த்துத்தான் அடுக்கினாயா?” என்று அதிகாரமாய்க் கேட்டதும், அவர் சிரிப்பை அடக்க மாட்டாமல் கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டார். அன்று நாலு இட்டலி அவன் வார்த்தது. வேகவில்லை, தின்றோம்.

மொபைலுக்கு இப்போது முறை வைத்திருக்கிறோம். நாட்காட்டியில் மகள் கையெழுத்தில் எழுதித் தொங்குகிறது.

விடுமுறை முடிந்து மருமகன் புறப்படும் முந்தைய இரவு, வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து அமர்ந்த சகதர்மிணி, “அந்தப் பையன் கடைசியில் தாயைப் பார்க்க வந்தானா?” என்று விசாரித்தார். இந்தியாவிற்குத் திரும்பிவிட்ட தாயைத் தேடி வந்தான் என்று மருமகன் சொன்னான்.

“இத்தனை வருஷம் கழித்தா?” என்றார். பிறகு, அந்த இடத்தை மட்டும் ஒருமுறை காட்டச் சொல்லிப் பார்த்தார்.