சூதாட்ட மேசையிலிருந்து வந்த சொல்

ஸ்பானிய மொழியில் கடத்தலுக்குப் பொதுவான சொல் ‘கோன்த்ரபாந்தோ’. ‘பாந்தோ’ என்பது முரசறைந்து ஊருக்குச் சொல்லும் அரசாணை. அதை மீறுவது கடத்தல். ஆனால் என் மனத்தை விட்டு அகலாதது, கள்ளச்சந்தையைக் குறிக்கும் ‘எஸ்த்ரபேர்லோ’.

அது முதலில் ஒரு சூதாட்ட இயந்திரத்தின் பெயர். டேனியல் ஸ்ட்ராஸ் என்பவரும் அவருடைய கூட்டாளியும் தங்கள் பெயர்களை ஒட்டி, தாங்கள் விற்ற ரூலெட் சக்கரத்துக்கு ‘ஸ்ட்ராபெர்லோ’ என்று பெயரிட்டார்கள். நம் ஊர்ப் பேச்சில் ஸ்கூல் ‘இஸ்கூல்’ ஆவதுபோல, ஸ்பானியர் வாயில் முன்னால் ஓர் உயிரெழுத்து சேர்ந்துகொண்டது. ஸ்பெயினில் 1924 முதல் சூதாட்டத்துக்குத் தடை. 1934-இல் சான் செபாஸ்தியான் நகரச் சூதாட்ட விடுதியில் சக்கரம் சுழலத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே காவல்துறை அதை மூடியது. அனுமதிக்காக லஞ்சம் கொடுத்திருந்த ஸ்ட்ராஸ் பணத்தைத் திருப்பிக் கேட்டார். கிடைக்காமல் போகவே குடியரசுத் தலைவருக்கே கடிதம் எழுதிவிட்டார். 1935 அக்டோபரில் விவகாரம் வெடித்தது. லஞ்சப் புகாரில் தன் கட்சியினர் சிக்கியதால், பலமுறை பிரதமராக இருந்த அலெஹாந்த்ரோ லெரூ அமைச்சரவையிலிருந்து வெளியேறினார். 1936 பிப்ரவரித் தேர்தலில் அவருடைய கட்சி அடையாளமின்றிப் போனது. ஜூலையில் உள்நாட்டுப் போர் மூண்டது.

போர் முடிந்த 1939-இலேயே ரேஷன் வந்தது, 1952 வரை நீடித்தது. அட்டைக்குக் கிடைத்த உணவு வயிற்றுக்குப் போதவில்லை. அரசு கோதுமைக்கு மிகக் குறைந்த விலை வைத்ததால் விளைவித்தவர்கள் அதைப் பதுக்கி, கள்ளச்சந்தையில் விற்றார்கள். மக்கள் அந்த வியாபாரத்துக்குச் சூட்டிய பெயர்தான், ஏற்கெனவே மோசடிக்கு மறுபெயராகிவிட்ட ‘எஸ்த்ரபேர்லோ’. கணவனைப் போரிலோ சிறையிலோ பறிகொடுத்த பெண்கள் பாவாடைக்குள் தைத்த பைகளில் மாவும் எண்ணெயும் பருப்பும் மறைத்து ரயிலேறினார்கள். நிலையத்தில் சிவில் கார்டு காவலர்கள் காத்திருப்பார்கள் என்பதால், வண்டி வேகம் தணியும் வளைவிலேயே மூட்டைகளை ஜன்னல் வழியே வீசுவார்கள்; கீழே நிற்கும் பிள்ளைகளும் உறவினர்களும் பொறுக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

பெரும் நிலக்கிழார்களும் செல்வாக்குள்ள ஆலைக்காரர்களும் டன் கணக்கில் விற்று, ஆட்சியாளர்களின் நட்பில் பத்திரமாக இருந்தார்கள். மாவைப் பறிகொடுத்ததும், அபராதம் கட்டியதும், சிறைக்குப் போனதும் பெரும்பாலும் இந்தப் பெண்கள்தாம். அமைச்சர்களின் லஞ்சத்தில் பிறந்த ஒரு பெயரைப் பிள்ளைகளின் பசிக்காக அலைந்தவர்கள் சுமக்க நேர்ந்ததில் எனக்கு இன்றும் ஆறாத கோபம். ஸ்பானிய அகராதியில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது லெரூ அல்ல, அந்த ரயில்தான்.