பெல்றில போனதும் திரையில வராததும்

நாங்கள் நாலு பேரும் கலைப்பீடம். மெஷின் எண்டால் தள்ளி நிண்டு பாக்கிற ஆக்கள். போன செமஸ்ரரில ஒரு மெஷின் எங்களையும் கணக்குப் பாக்க வைச்சிட்டுது.

நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டு அக்கா ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில பொதி செய்யிற பகுதியில வேலை செய்யிறா. பெல்றில போற பைக்கற்றுகளை ஒரு சென்சர் எண்ணும். மணித்தியால இலக்கைத் தாண்டினால்தான் மேலதிகக் காசு. அக்கா தட்டுக்கு ஒரு கோடு எண்டு கொப்பியில போட்டு வைச்ச கணக்கைவிடத் திரையில எப்பவும் குறைவு. அதுவும் வேகமா வேலை செய்த நாட்களிலதான் கூடக் குறைஞ்சுது. “மெஷின் பொய் சொல்லாது பிள்ளை” எண்டு சூப்பவைசர் கதையை முடிச்சிட்டார்.

தொழில்நுட்பபீட நண்பனைப் பிடிச்சுக் கேட்டம். அந்த லைனை நடத்திறது பீஎல்சி எண்டான். 1960களின் கடைசியில, அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகளில அலுமாரி அலுமாரியா இருந்த ரிலேக்களுக்குப் பதிலா வந்த கணினி. அது சென்சரைக் கண்வெட்டாமல் பாத்துக்கொண்டிருக்கிறதில்லை. முதலில உள்ளீடுகளை ஒருக்கா வாசிச்சு நினைவில பிரதி எடுக்கும். பிறகு அந்தப் பிரதியை வைச்சு ப்ரோகிராமை ஓட்டும். கடைசியில வெளியீடுகளை மாத்தும். திரும்ப முதலில இருந்து. இந்தச் சுற்றுக்குப் பேர் ஸ்கான்.

வாசிச்சு முடிச்ச கையோட சென்சர் மாறினால், அடுத்த சுற்றிலதான் அது தெரியும். அந்தச் சுற்றும் முடிஞ்சால்தான் வெளியீடு மாறும். ஆக, மோசமான நேரத்தில பதில் வரக் கிட்டத்தட்ட ரெண்டு ஸ்கான் எடுக்கும்.

அவன் ஒரு உதாரணக் கணக்குப் போட்டான். பெல்ற் செக்கனுக்கு 500 மில்லிமீற்றர் ஓடுது. ரெண்டு பைக்கற்றுக்கு இடைவெளி 5 மில்லிமீற்றர். அந்த இடைவெளி சென்சரைக் கடக்க 10 மில்லிசெக்கன். ஸ்கான் 20 மில்லிசெக்கன் எண்டால், பாதி இடைவெளிகளை அது காணாது. ரெண்டு பைக்கற் ஒண்டாகிப் போகும்.

எங்களுக்கு அப்பதான் விளங்கினது: அக்காவையள் வேகமா அடுக்க அடுக்க இடைவெளி குறையுது, எண்ணிக்கையும் விழுகுது.

கொப்பியோட போய்க் கதைச்ச பிறகு, டெக்னீசியன் வந்து சென்சர் வயரை அதிவேக எண்ணி உள்ளீட்டுக்கு மாத்தினார். அது ஸ்கானுக்குக் காத்திராமல் தானே எண்ணும். இப்ப ரெண்டு கணக்கும் ஒத்துவருது.

பழைய மாதங்களின்ர காசு மட்டும் திரும்ப வரேல்லை. அக்கா இப்பவும் கொப்பியில கோடு போடுறா.