கண்டியில் எங்கே தங்குவது?

யாழ்ப்பாணத்தவருக்குக் கண்டி வீதி என்பது பிறந்த நாள் முதல் பழகிய பெயர். கச்சேரியும் பள்ளிக்கூடமும் கடைகளும் அவ்வீதியிலேயே இருப்பதால், அதன் மறுமுனை 321 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மலைநகரில் இருக்கின்றது என்பதை நாளாந்தம் நினைப்பவர் சிலரே. போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காக அடைபட்டுக் கிடந்து, 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடி, 2009இல் மறுபடி திறந்த அந்த நெடுஞ்சாலை வழியாக இன்று விடுமுறைதோறும் குடும்பங்கள் கண்டிக்குப் புறப்படுகின்றன. மாத்தளையில் முத்துமாரியம்மனை வணங்கி, அக்குறணையின் நெரிசலைக் கடந்து, கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையின் பாலத்தைத் தாண்டும் வேளையில்தான் பலருக்கு அந்தக் கேள்வி எழுகின்றது: எங்கே தங்குவது?

வாடகை எவ்வளவு, அறை எப்படி என்ற இரண்டையும் விசாரித்துவிட்டால் போதும் என்று எண்ணுகின்றோம். சமநிலத்தில் அமைந்த யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அது போதும். கண்டிக்குப் போதாது. ஏனெனில், கண்டியில் தூரத்தை அளப்பது கிலோமீட்டர் அன்று, ஏற்றமும் இறக்கமுமே. "வாவியிலிருந்து அரைக் கிலோமீட்டர்" என்று விடுதிக்காரர் சொல்வது பொய்யன்று. அந்த அரைக் கிலோமீட்டர் செங்குத்தாக மேலே போகின்றது என்பதைத்தான் அவர் சொல்வதில்லை.

கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடியில் இந்நகரம் இருக்கின்றது. கிண்ணத்துக்குள் வரும் வழிகள் சிலவே. பகைவர் எளிதில் வந்து சேரக் கூடாது என்பதற்காகவே பழைய அரசர்கள் இவ்விடத்தை விரும்பினர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இந்நகரைப் பிடித்து நிலைத்திருக்க இயலாமற் போனதும், 1803இல் உள்ளே புகுந்த ஆங்கிலப் படை அழிந்ததும், அரசனுடைய வீரத்தோடு இந்த நில அமைப்பும் சேர்ந்து செய்த காரியங்கள். எவரும் சுலபமாக வரலாகாது என்று தேர்ந்தெடுத்த ஊருக்குள் நாம் பெட்டி படுக்கையுடன் சுலபமாகத் தங்க இடம் தேடுகின்றோம்!

கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன், நாயக்கர் வழிவந்தவன். தலதா மாளிகைக்கு முன்னிருந்த வயல்களை மறித்து அவன் கட்டிய வாவி 1812இல் நிறைவுற்றது. மூன்று ஆண்டுகளில் அவன் அரசு வீழ்ந்தது. வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். அவன் விட்டுச் சென்ற வாவிதான் இன்றும் கண்டியின் நடுவிடம். அதைச் சுற்றி நடக்க மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகும். அந்தச் சுற்றுப்பாதை முழுவதும் சமதரை. எந்த வயதினரும் நடக்கலாம்.

முதலில் நகரின் உட்பகுதியைப் பார்ப்போம். தலதா வீதி, யட்டிநுவர வீதி, கொட்டுகொடெல்ல வீதி என நேர்நேராக ஓடும் தெருக்களில் தங்குவோருக்கு எல்லாம் காலடியில் கிடைக்கும். அதிகாலை ஐந்தரை மணிக்கு மாளிகையில் பூசை முரசு ஒலிக்கும்போது எழுந்து நடந்தே போய்விடலாம். நாத, விஷ்ணு, பத்தினி தேவாலயங்கள் மாளிகையின் அருகிலேயே உள்ளன. பத்தினி என்பவள் நம் கண்ணகியே என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிட நல்ல இடம் வேறில்லை. கதிர்காமத் தேவாலயம் கொட்டுகொடெல்ல வீதியில் இருக்கின்றது. பேராதனை வீதிப் பக்கம் சென்றால் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில். சைவ உணவகங்களும் இப்பகுதியிலேயே உள்ளன. இடியப்பமும் சொதியும் தேடி வாகனம் பிடிக்க வேண்டியதில்லை.

குறையும் உண்டு. பகல் முழுவதும் பஸ்களின் இரைச்சல். கிண்ணத்துக்குள் தேங்கி நிற்கும் புகை. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். கண்டிக்கு வந்தும் மலையைக் காணவில்லையே என்று மனம் குறைப்படும்.

அந்தக் குறையே நம்மை வாவியின் தென்கரைக்கு மேலே, சரணங்கர வீதிக்கும் இராஜபிஹில்ல மாவத்தைக்கும் அழைத்துச் செல்கின்றது. ஆங்கிலேயர் காலத்துப் பெரிய மனிதர்கள் பங்களா அமைத்த வகையான மேட்டுநிலம் இது. குதிரை வண்டியும் ஏவலாளும் உடையவருக்கு ஏற்றம் ஒரு பொருட்டன்று. இன்று இங்கே சிறிய விடுதிகள் நெருங்கி நிற்கின்றன. முன்றிலில் நாற்காலியைப் போட்டு அமர்ந்தால் வாவியும் மாளிகையும், அதற்குப் பின்னால் உடவத்தைக்கலைக் காடும், எதிர்க் குன்றில் பஹிரவகந்தையின் வெண்ணிறப் புத்தர் சிலையும் ஒருங்கே தெரியும். மாலை விளக்கேற்றும் வேளையில் அக்காட்சிக்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அந்த விடுதிகளில் ஒன்றில் கண்ட ஒரு காட்சி இன்னும் நெஞ்சில் நிற்கின்றது. வடமராட்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம். மூன்று நாளும் காலையில் பிள்ளைகளும் பெற்றோரும் இறங்கிச் செல்ல, எழுபது வயதைக் கடந்த அப்பாச்சி மட்டும் முன்றிலில் இருந்தபடியே வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு நானும் வரலாமோ, பிள்ளை?" என்று அவர் கேட்டபோது, "ஏத்தமெல்லே மாமி, உங்கட முழங்கால் தாங்காது" என்று மருமகள் அன்போடுதான் சொன்னார். முச்சக்கரவண்டியை அழைக்கலாம் என்றால், "எனக்காக ஏன் வீண்செலவு" என்று அந்த மூதாட்டி மறுத்துவிடுவார். கண்டியைப் பார்க்கவென்று அவ்வளவு தூரம் வந்தவர், அதைப் படம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதே வாடகைக்குக் கீழே, வாவிக்கரையை ஒட்டி, காட்சி இல்லாத ஓர் அறை எடுத்திருந்தால், யாரையும் கேளாமல் அவரே காலையும் மாலையும் நடந்திருப்பார்; மீன்களுக்குப் பொரி போட்டிருப்பார். குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய கால்களைக் கொண்டே கண்டியில் அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எமது துணிபு. இளையோர் எங்கிருந்தும் ஏறி இறங்குவர்.

நகருக்கு வெளியே தங்குவோர் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும். கண்டி பள்ளிக்கூடங்களின் ஊர். பாடசாலை நாள்களில் காலை ஏழரை மணிக்கு முன்பும் பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பின்பும் சாலைகள் திணறும். கட்டுகஸ்தோட்டையிலோ குண்டசாலையிலோ மலிவாக அறை எடுத்துவிட்டு, விடுமுறையின் பாதியைப் பஸ்ஸில் கழிப்பவர்களைக் காண்கின்றோம். பல்லேகலையில் கிரிக்கெட் ஆட்டம் பார்க்க வருவோருக்குக் குண்டசாலை பொருந்தும். மற்றவர்களுக்கு அத்துணை பொருந்தாது. ஹந்தானை குளிர்ச்சியான இடம். 1925ஆம் ஆண்டின் தேயிலைத் தொழிற்சாலையொன்றை நூதனசாலையாக்கி வைத்திருக்கின்றார்கள். சொந்த வாகனம் உடையோர் அங்கே தங்கலாம்.

மாணவர்களுக்கு நாம் சொல்வது பேராதனை. நகரிலிருந்து 6 கிலோமீட்டர். தாவரவியற் பூங்கா 1821 முதல் அங்கே இருக்கின்றது. மகாவலி அதை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகின்றது. இரண்டாம் உலகப் போரின்போது 1944இல் மவுண்ட்பேட்டன் தம் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை இப்பூங்காவிலேயே வைத்திருந்தார். கூட்டம் வருமுன் காலையில் உள்ளே நுழைவதற்கு அருகில் தங்குவதே வழி. 1952இல் கொழும்பிலிருந்து இங்கே வந்த பல்கலைக்கழகமும், அதன் வளவில் குறிஞ்சிக் குமரன் ஆலயமும் பக்கத்திலேயே உள்ளன. மேற்கே இன்னும் சிறிது தூரம் சென்றால், 1344இல் தென்னாட்டுச் சிற்பியின் கைவண்ணத்தில் எழுந்த கடலாதெனியக் கற்கோயிலையும், தமிழிலும் கல்வெட்டுள்ள இலங்காதிலக விகாரையையும், எம்பெக்கையின் மரச் சிற்பத் தூண்களையும் ஒரே நாளில் பார்க்கலாம். கண்டி நகருக்குள் தங்கினால் இந்த மூன்றும் பெரும்பாலும் "அடுத்த முறை பார்ப்போம்" என்று தள்ளிப்போகும்.

கட்டடக் கலை பயில்வோர் வட்டாப்புளுவைக்கும் ஒரு நடை போய்வரலாம். 1950களின் பிற்பகுதியில் மினெத் த சில்வா என்ற கண்டிப் பெண்மணி, அரசாங்க ஊழியருக்கான வீடமைப்புத் திட்டமொன்றை அங்கே வகுத்தார். குடிவர இருந்த சிங்கள, தமிழ், முஸ்லிம் குடும்பங்களிடம் "உங்களுக்கு எவ்விதமான வீடு வேண்டும்?" என்று வினாத்தாள் கொடுத்துக் கேட்டறிந்தே வரைந்தார். தங்கும் இடத்தைப் பற்றித் தங்குபவரையே கேட்பது அந்நாளில் புதுமை. இந்நாளிலும் அது பெருவழக்கு ஆகிவிடவில்லை.

ஆடி, ஆவணியில் வரும் எசல பெரஹரா நாள்கள் வேறு கணக்கு. ஊர்வல இரவுகளில் நடுநகர வீதிகளில் வாகனம் செல்ல இயலாது. வாடகையோ பன்மடங்கு உயரும். நடந்தே திரும்பக்கூடிய இடம் கிடைத்தால் மட்டுமே அந்நாள்களில் குழந்தைகளுடன் வருக. கும்பல் பெரஹரா என்ற முதல் ஐந்து இரவுகளில் கூட்டம் குறைவு. இறுதி நாள்களின் ரந்தோலியை விட எளிதாகப் பார்க்கலாம்.

மழைக்காலத்தைப் பற்றியும் சொல்லாமல் விட இயலாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் கண்டி மாவட்டம் கொடிய மண்சரிவுகளைக் கண்டது. பல உயிர்கள் போயின. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவோர், வெட்டிய மலைச்சரிவின் அடியிலோ விளிம்பிலோ நிற்கும் விடுதியை, அதன் காட்சி எவ்வளவு அழகாயினும், தவிர்த்துவிடுதல் நலம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்க.

அறையைப் பேசும்போது விடுதிக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்டாற் போதும். வாசலிலிருந்து அறை வரை எத்தனை படி? வாவியிலிருந்து திரும்பி நடந்து வர எவ்வளவு நேரம்? இரவு எட்டு மணிக்குமேல் முச்சக்கரவண்டி மேலே வருமா? இரண்டாவது கேள்விக்கு "இறங்கிப் போக ஐந்து நிமிஷம்" என்று பதில் வந்தால், ஏறி வர எவ்வளவு என்று மறுபடியும் கேளுங்கள். காட்டை ஒட்டிய அறையானால் வெளியே போகும்போது ஜன்னலைப் பூட்டிவிட்டுச் செல்லவும். உடவத்தைக்கலைக் குரங்குகள் வாழைப்பழத்தோடு மூக்குக்கண்ணாடியையும் கொண்டு போய்விடும்.