மூப்பென்று விட்டுவிட்டோம்

இஷாத் தொழுகையில் நிற்பது இரண்டாம் ரக்அத்தா மூன்றாம் ரக்அத்தா என்று எம் வாப்பா அவர்கள் ஐயுற்று நின்ற இரவை யாம் மறக்கவில்லை. மறதிக்கான சஜ்தாவோடு தொழுகையை நிறைவு செய்ய மார்க்கத்தில் வழியுண்டு. அவரும் அவ்வாறே செய்தார். ஆயினும் நாளடைவில் அது அன்றாட நிகழ்ச்சியாயிற்று. பேரப்பிள்ளைகள் அனைவர் பெயரும் நினைவிலிருந்தன. ஐம்பதாண்டுக்கு முந்திய கதைகளும் பிழையின்றி வந்தன. ஆனால், துணிக்கடைக் கணக்கை மனத்திலேயே கூட்டியவர் இப்போது நான்கு வரிகளைக் கூட்ட அரைமணி நேரம் எடுத்தார். பாதம் நிலத்தைத் தேய்த்தபடி சிற்றடியாக நடந்தார். யாம் அதனை மூப்பென்றோம்.

மருத்துவர் எடுக்கச் சொன்ன எம்.ஆர்.ஐ. படத்தில், மூளையின் உட்புறத்தே வெண்மேகத் துணுக்குகள் போன்ற திட்டுகள் தெரிந்தன. மயிரினும் மெல்லிய நாளங்கள் பழுதுற்று, அவற்றை நம்பியிருந்த நரம்பிழைகள் நலிந்த தடங்கள் அவை என்றார். இரத்த அழுத்தம் 170, 70 எனக் காட்டியது. "கீழ் எண் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று யாம் கேட்டோம். "அந்த இடைவெளிதான் ஐயா நோய்" என்றார் அவர்.

இதயம் குருதியை விட்டுவிட்டுத் தள்ளுகிறது. இளமையில் பெருந்தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து, பின் சுருங்கி, அவ்வதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்கிறது. குருதி சீராக ஓடுகிறது. வயது ஏற ஏற நெகிழ்விழைகள் அறுந்து, தடித்த இழைகளும் சுண்ணமும் சேர்ந்து சுவர் இறுகுகிறது. மேல் அழுத்தம் ஏறிக் கீழ் அழுத்தம் தாழ்கிறது. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடேயான மூளை குருதியை மிகுதியாக, தடையின்றி ஏற்கும் உறுப்பு. ஆதலின் தணியாத அத்துடிப்பு நுண்நாளங்கள்வரை சென்று மோதுகிறது. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகர முதியோரை ஆய்ந்து 2011இல் வெளிவந்த கட்டுரை, தமனி இறுக்கத்தையும் மூளை நுண்நாளப் பழுதையும் இவ்வாறே தொடர்புபடுத்தியது.

இப்னு சீனா (இறப்பு 1037) தம் அல்கானூன் நூலில் நாடியின் இலக்கணங்களைப் பத்தாக வகுத்தபோது, தமனிச் சுவரின் வன்மை மென்மையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். எம் தெருவில் வாழ்ந்த முதிய ஹகீம் ஒருவர், பல்லாண்டுகளுக்கு முன்பே வாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, "நாடி முறுக்கிய கயிறு போலிருக்கிறது" என்றார். தமிழாசிரியராகிய யாம் உவமையைச் சுவைத்தோம், செய்தியைக் கேட்கவில்லை! தலைவலி இல்லையென்று வாப்பா அழுத்த மாத்திரையை நிறுத்தி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அதனை யாம் அறிந்தே இருந்தோம். மாத்திரைப் பழக்கம் நல்லதன்று என்று ஒத்தும் பேசினோம்.

விழுந்த திட்டு பொதுவாக மறைவதில்லை. வளர்வதைத் தடுக்க முயலலாம். அமெரிக்காவில் நிகழ்ந்த ஸ்பிரின்ட் ஆய்வின் 2019ஆம் ஆண்டு முடிவுகளின்படி, மேல் அழுத்தத்தை 140க்குக் கீழே வைக்க முயன்றோரைவிட 120க்குக் கீழே கொணர முயன்றோரிடம் திட்டுகள் வளர்வதும் லேசான அறிவுத்தளர்ச்சியும் குறைவாக இருந்தன. பெருமறதி நோய் குறைந்ததென உறுதிப்படவில்லை. எல்லா முதியோருக்கும் அவ்வளவு தாழ்த்தல் ஆகாது. எழுந்து நிற்கையில் தலைசுற்றி விழக்கூடும். எனவே எம் மருத்துவர் படிப்படியாகவே குறைத்தார். ரமளானில் மாத்திரை நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் அவரே பிரித்துத் தந்தார். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்னும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவு, கருவாடும் ஊறுகாயும் மணக்கும் எம் வீட்டில் பெரும் பூசலையே கிளப்பியது.

வாப்பா இப்போது கைத்தடியூன்றிப் பள்ளிவாசலுக்கு நடந்து சென்று இஷாவை ஜமாஅத்தோடு தொழுகிறார். ரக்அத்தை எண்ணும் பொறுப்பை இமாமிடம் விட்டுவிட்டதாகச் சொல்லிச் சிரிக்கிறார். ஃபஜ்ருக்குப் பின் அவர் மாத்திரை விழுங்கும்வரை யாம் அருகில் நிற்கிறோம்.