காலால் ஓடியவள் சைக்கிள் ஓடிய கதை

யாழ்ப்பாணத்துத் தமிழில் "ஓடுதல்" என்ற சொல்லுக்கு வேலை அதிகம். மனிதன் காலால் விரைவதும் ஓடுதல்; மோட்டார் வண்டியைச் செலுத்துவதும் ஓடுதல்; சைக்கிளில் ஏறி உழக்கிக்கொண்டு போவதும் ஓடுதலே. "நீங்கள் ஓடுவீர்களாமே?" என்று யாராவது கேட்டால், கடந்த எட்டு ஆண்டுகளாக நான் பெருமையுடன் தலையசைத்து வந்தேன். "சைக்கிளா?" என்ற அடுத்த கேள்வி பிறந்துவிட்டால் மாத்திரம் பேச்சை வேறு திசைக்குத் திருப்பிவிடுவேன். ஏனெனில், யாழ்ப்பாணத்திலேயே பிறந்து வளர்ந்து, நாற்பது வயதையும் கடந்து, பாடசாலையிலே பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கின்ற எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது.

வேற்றூர் வாசகர்களுக்கு இஃது ஒரு குறையாகவே தோன்றாது. எங்கள் ஊரில் அப்படியன்று. இங்கே நிலம் உள்ளங்கையைப் போலச் சமமானது. மலையென்று சொல்ல ஒரு மேடும் இல்லை. 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னர் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்திலே, மாப்பிள்ளையும் சைக்கிளில்தான் போனார். நோயாளியும் சைக்கிளில்தான் போனார். 2022 இல் நாடெங்கும் எரிபொருளுக்கு வரிசைகள் நீண்டபோது, கொட்டில்களிலே துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களெல்லாம் மீண்டும் வீதிக்கு வந்தன. அப்பொழுதும் நான் பாடசாலைக்கு நடந்தும் ஓடியுமே போனேன். "ரீச்சருக்குத் தேகப்பியாசத்தில் எவ்வளவு விருப்பம்!" என்று உடன் கற்பிப்பவர்கள் வியந்தார்கள். எனக்குச் சைக்கிளென்றால் பயம் என்ற உண்மையை நான் எவரிடமும் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு என் வலது முழங்கால் முறையிடத் தொடங்கிற்று. படியிறங்கும்போது முழங்காற் சில்லின் பின்புறத்தில் ஒரு குத்து. நெடுநேரம் மடக்கியிருந்து எழும்பினால் ஒரு பிடிப்பு. வைத்தியர் காலை நீட்டியும் மடக்கியும் பார்த்தார். "ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடம்பின் நிறையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் வந்து விழுகின்றது. சில காலம் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் ஓடுங்கள். அதிலே உடம்பின் நிறையைப் பெரும்பாலும் ஆசனம் தாங்கிக்கொள்ளும்; மூட்டு அசையும், ஆனால் அதிர்ச்சி இராது" என்றார்.

எங்கள் ஊரில் முழங்காலில் இருப்பதும் சில்லு. சைக்கிளில் இருப்பதும் சில்லு. ஒரு சில்லின் நோவுக்கு இரண்டு சில்லுகளை மருந்தாகச் சொல்லிவிட்டார் அவர்!

அன்றிரவு சாப்பாட்டு வேளையிலே விஷயத்தைச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் என் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அம்மா மாத்திரம் சிரிக்கவில்லை. மறுநாட் காலை நான் எழுந்து முற்றத்துக்கு வந்தபோது, அவர் கொட்டிலைத் திறந்து, தமது பழைய பெண்கள் சைக்கிளை மாமரத்தடியிலே சாத்தி, தேங்காயெண்ணெய்ச் சீலையால் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. நான் பயந்தது சைக்கிள்களுக்குப் பொதுவாக அன்று, அந்தச் சைக்கிளுக்கே.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்ட நாள். எனக்குப் பன்னிரண்டு வயது. தந்தையார் கொழும்பில் வேலையாக இருந்தார். அம்மாவும் நானும் தம்பியும் அந்தச் சைக்கிளை நடுவில் விட்டு உருட்டிக்கொண்டு, மழையில் நனைந்தபடி, நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனத்திரளோடு அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். சைக்கிளின் கரியரிலே அம்மாவின் கைத்தையல் மெஷின் கட்டப்பட்டிருந்தது. அதுதான் எங்கள் குடும்பத்தின் சீவனோபாயம். தம்பி அழுதான், அவனைத் தூக்குவதற்காக அம்மா, "கொஞ்சம் பிடி, பிள்ளை" என்று ஹாண்டிலை என்னிடந் தந்தார். பின்னாலே ஒரு தள்ளல் வந்தது. பயத்திலே நான் கையை விட்டுவிட்டேன். சைக்கிள் சரிந்தது. மெஷின் கல்லிலே விழுந்து, அதன் வார்ப்பிரும்பு உடல் வெடித்துவிட்டது.

அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, உடைந்த மெஷினை மீண்டும் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார். அவர் ஏசியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. அந்நாளுக்குப் பின் நான் சைக்கிளின் ஹாண்டிலைத் தொடவில்லை.

இப்பொழுது, முப்பது ஆண்டுகள் கழிந்து, அதே ஹாண்டில் மாமரத்தடியில் மின்னிக்கொண்டு நின்றது!

சந்திக் கடையிலே சைக்கிள் திருத்துகின்ற ஐயா நல்ல அனுபவசாலி. ரயர், ரியூப், பிரேக்கட்டை எல்லாவற்றையும் புதிதாகப் போட்ட பின்னர், அவர் ஒரு வேடிக்கையான காரியஞ் செய்தார். இரண்டு பெடல்களையும் கழற்றி என் கையிலே தந்துவிட்டார். (இடப்பக்கத்துப் பெடலின் மரை மற்றதற்கு எதிர்ப்புறமாகச் சுழலும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.) ஆசனத்தையும் தாழ்த்தி, "ரீச்சர், நீங்கள் ஓடுகிற ஆள்தானே? இதிலே இருந்துகொண்டு ஓடுங்கோ. உழக்கிறதை அடுத்த கிழமை பார்ப்பம்" என்றார்.

அவர் சொன்னது சைக்கிளின் சரித்திரத்தோடு எவ்வளவு பொருந்துகின்றது என்பதைப் பின்னர் வாசித்து வியந்தேன். 1817 ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே கார்ல் டிரைஸ் என்பவர் வெளியிட்ட முதல் இருசில்லு வண்டிக்குப் பெடலே கிடையாது. அதன் மேல் இருந்துகொண்டு கால்களால் நிலத்தை உந்தி ஓடவேண்டும். "ஓடும் பொறி" என்பதே அதற்கு அவர் இட்ட பெயரின் பொருள். ஆகவே காலோட்டமும் சைக்கிளோட்டமும் வேறு குலத்தவையல்ல. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது. இதை அறிந்ததும் எனக்குச் சற்றுத் தைரியம் வந்தது.

எங்கள் ஒழுங்கையிலே விடிவதற்கு முன் பாடம் தொடங்கும். அம்மா படலையடியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் கால்களால் உந்துவேன்; சைக்கிள் நாலு முழம் உருளும்; பயம் பிடித்தவுடன் இரண்டு கால்களையும் ஊன்றிவிடுவேன். அப்படியே ஒரு கிழமை கழிந்தது. நாலு முழம் பத்து முழமாயிற்று. பின்னர் கடைக்கார ஐயா பெடல்களைப் பூட்டிவிட்டார். அன்றுதான் உண்மையான சோதனை.

காலால் ஓடுபவருக்கு ஒரு சலுகை உண்டு. பயம் வந்தால் நின்றுவிடலாம். நின்றால் எல்லாம் சரி. சைக்கிளிலோ இந்நியாயம் தலைகீழானது. வேகங் குறையக் குறைய அது தள்ளாடும். நிற்கப் பார்த்தால் விழுத்திவிடும். பயந்தவுடன் உழக்குவதை நிறுத்துவது என் வழக்கம். நிறுத்தியவுடன் வேலியிலே சாய்வதும் வழக்கமாயிற்று. சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஹாண்டிலை ஒடிக்கும்படி அறிவு சொல்லும். சாயும் பக்கமாகவே சற்றுத் திருப்பினால்தான் சில்லு உடம்புக்குக் கீழே வந்து தாங்கிக்கொள்ளும் என்பது சைக்கிளின் நியாயம். அறிவை மறந்து சைக்கிளின் நியாயத்தை ஏற்பதற்கு எனக்கு மூன்று கிழமை சென்றது. முழங்கையிலும் கணுக்காலிலும் கிளுவை வேலியின் கையொப்பங்கள் பல விழுந்தன.

ஒவ்வொரு தடவையும் படலையடியிலிருந்து ஒரே குரல்தான் வரும்: "நிக்காதை, பிள்ளை. உழக்கு!"

பாற்காரரும் பத்திரிகை கொண்டுவரும் தம்பியும் இந்தக் காட்சியைத் தினந்தோறும் கண்டார்கள். வயது வந்தவர் ஒருவர் புதிதாக ஒன்றைப் பழகும்போது, வீழ்ச்சியிலும் பார்க்க வீழ்ச்சியைப் பிறர் பார்ப்பதே அதிகம் நோகின்றது. என் வகுப்பிலே பின்னக் கணக்கு வராமற் கரும்பலகைக்கு முன் நின்று விழிக்கும் பிள்ளைகளை அந்நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். அவர்களிடம் இனிமேல் "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்பதில்லை என்று எனக்குள் தீர்மானஞ் செய்தேன்.

இரண்டு மாதங்களின் பின், கடைக்கார ஐயா பழையதொரு றேஸ் சைக்கிளைத் திருத்தி எனக்குத் தந்தார். ஆட்டுக்கடாவின் கொம்பு போல் வளைந்த ஹாண்டில். விரலளவு மெல்லிய ரயர். ஆசனத்தின் உயரத்தை அளக்க அவர் காட்டிய வழி எளிது: ஆசனத்தில் இருந்து, கீழ்நிலையில் உள்ள பெடலிலே குதிக்காலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும், பின் பாதத்தின் முன்பகுதியை வைத்து உழக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும். ஆசனம் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறத்துக்கே பாரம் ஏறும். பிரேக் பிடிக்கும்போது முன்பிரேக்கை மாத்திரம் திடீரென இறுக்கலாகாது. இரண்டையும் ஒருங்கே, மெல்ல மெல்லப் பிடிக்கவேண்டும் என்றும் எச்சரித்தார்.

ஓட்டத்திலே கற்றது ஒன்று இங்கே கைகொடுத்தது. என் கால்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 அடிகள் வைத்துப் பழகியவை. அஃதாவது ஒவ்வொரு காலும் 85 தடவை. வீதியிலே தேர்ந்த சைக்கிளோட்டக்காரர்களும் பெடலை நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்றுவரையே சுழற்றுகின்றார்கள். பாரமான கியரில் முக்கி முக்கி உழக்குவதிலும், இலேசான கியரில் விரைவாகச் சுழற்றுவது முழங்காலுக்கு இதமானது. ஆகவே என் கால்களுக்குத் தாளம் முன்னரே தெரிந்திருந்தது. தெரியாதிருந்தது நெஞ்சுக்குத்தான்.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றிலே, தலைக்கவசம் அணிந்து, கோட்டையைக் கடந்து பண்ணைத் தாம்போதியில் ஏறினேன். இரண்டு பக்கமும் ஆழமற்ற கடல். மீனவர் நட்ட தடிகளின் மேல் கொக்குகள். சோழகம் எதிர்த்து வீசிற்று. மலையில்லாத ஊர் என்று மகிழ்ந்தேனல்லவா? எங்கள் ஊருக்கு மலை காற்றுத்தான் என்பது அன்று விளங்கிற்று. தலையைத் தாழ்த்தி, கியரை இலேசாக்கி, மூச்சை எண்ணிக்கொண்டு போனேன்.

நடுவழியிலே, பின்னால் ஒரு பஸ்வண்டியின் இரைச்சல் கேட்டது. நீண்ட ஊதல். என் கைகள் விறைத்தன. வலப்பக்கத்தில் அந்தப் பெரிய உடல் உரசுவது போல் கடந்தது. சற்று நேரம் காற்றை அது மறைத்து, பின் திடீரென விட்டது. சைக்கிள் ஒரு பக்கமாக இழுபட்டது. பன்னிரண்டு வயதிற் கேட்ட சனத்திரளின் இரைச்சல் என் காதிலே மீண்டும் கேட்டது. கையை விடு, நில் என்று உடம்பு முழுவதும் சொல்லிற்று. அதற்கு மேலாக, படலையடியிலிருந்து வரும் குரலொன்றும் கேட்டது. வீதியோரத்து வெள்ளைக் கோட்டிலே கண்ணை நாட்டி, உழக்கினேன். பத்துச் சுற்று, இருபது சுற்று. சைக்கிள் தானாகவே நிமிர்ந்தது. பஸ்வண்டி தூரத்திலே சிறுத்துப் போயிற்று.

அல்லைப்பிட்டி வரை சென்று திரும்பினேன். திரும்பும்போது அதே சோழகம் முதுகிலே கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து, அம்மா தந்த தேநீரைக் குடித்தபடி, முப்பது ஆண்டுகளாகச் சொல்லாததைச் சொன்னேன். "அம்மா, அன்றைக்கு மெஷினை நான்தான் விழுத்தினேன். பயத்திலே கையை விட்டுவிட்டேன்" என்றேன்.

அம்மா என்னை வியப்போடு பார்த்தார். "நீயோ? உனக்கென்ன பைத்தியமே, பிள்ளை? அண்டைக்குக் கயிறை நான் இறுக்கிக் கட்டேல்லை. அவசரத்திலே ஒரு முடிச்சுத்தான் போட்டனான். பாரம் ஒரு பக்கம் சரிஞ்சு கிடந்தது. பெரிய ஆக்களாலேயும் அந்தச் சைக்கிளைப் பிடிச்சிருக்கேலாது. பிள்ளையிட்டைக் குடுத்தேனே எண்டு நான்தான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார்.

ஒரே வீட்டிலே, ஒரே விழுகைக்காக இரண்டு பேர் முப்பது ஆண்டுகள் தனித்தனியே பழி சுமந்திருக்கின்றோம்! பேசாமை சில வேளைகளில் பெருந்தன்மைதான். ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கின்றதென்று குழந்தைக்குத் தெரியாது. பெற்றோராகிய வாசகர்கள் இதனை மனதில் வைத்துக்கொள்ளுதல் நலம்.

என் முழங்கால் இப்பொழுது பெரும்பாலும் அமைதியாக இருக்கின்றது. கிழமையில் இரண்டு நாள் காலால் ஓடுகின்றேன். மூன்று நாள் சைக்கிள் ஓடுகின்றேன். பஸ்வண்டியின் இரைச்சல் கேட்டால் நெஞ்சு இன்னும் திக்கென்றுதான் அடிக்கின்றது. பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பயத்தோடு உழக்கப் பழகிக்கொண்டேன், அவ்வளவே.

சென்ற கிழமை அம்மா பழைய சைக்கிளின் கரியரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் உறுதியாத்தான் கிடக்கு. ஒரு வெள்ளிக்கிழமை என்னை ஏத்திக்கொண்டு கோயிலுக்குப் போ" என்றார். அம்மாவின் நிறை 45 கிலோ. அதற்குரிய தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. இப்போதைக்கு, 10 கிலோ அரிசிப் பையொன்றைக் கரியரில் வைத்து ஒழுங்கையிலே பழகிக்கொண்டிருக்கின்றேன்.

கயிற்றுக்கு இரண்டு முடிச்சுப் போடுகின்றேன்.